இரண்டாயிரம் ரூபாய்ச் சாட்சி

வீட்டில் நகை களவு போனால் தெருவே கூடி விசாரிக்கும். வாசல் கேமரா களவு போனால் முதலில் சிரிப்புத்தான் வரும். "காவலுக்கு வச்ச ஆளையே தூக்கிட்டுப் போயிட்டானா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்பார். பறிகொடுத்தவரும் அசட்டுச் சிரிப்போடு தலையைச் சொறிவார். போனது ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய்ப் பொருள். அதற்காகக் காவல் நிலையப் படியேறக் கூச்சம். கடையில் இன்னொன்று வாங்கி அதே ஓட்டையில் மாட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைப்பு.

அதே ஓட்டையில் மாட்டுவதும் பிழை, இரண்டாயிரம் என்ற கணக்கும் பிழை. கேமராவுக்கு விலை இருக்கிறது. அது பார்த்து வைத்திருந்ததற்கு எந்தப் பட்டியலிலும் விலை இல்லை. சட்டம், காப்பீடு, கடை மூன்றும் பொருளைத்தான் எடைபோடுகின்றன. அதன் உண்மை மதிப்பு தெரிந்தவன், விந்தை என்னவென்றால், திருட வருபவன் ஒருவன்தான்.

இதைப் பேச மூக்கண்டப்பள்ளி நல்ல இடம். ஓசூர் சிப்காட்டின் முதல் தொழிற்பேட்டை இதன் மடியில் கிடக்கிறது. தமிழ்நாடு அரசு 1971-ல் சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் நிலம் எடுத்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய பெயர்கள் வந்தன. அவற்றின் பின்னால் உதிரிப்பாகம் கடையும் சிறு பட்டறைகள் வந்தன. பட்டறைகளின் பின்னால் ஆட்கள் வந்தார்கள். கேழ்வரகு விளைந்த மண்ணில் லைன் வீடுகள் விளைந்தன. 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், 2019-ல் மாநகராட்சியான ஓசூரின் ஒரு பகுதி இது. பக்கத்தில் தேசிய நெடுஞ்சாலை 44. சில கிலோமீட்டர் போனால் ஜூஜூவாடி, அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. தெருவோரம் நிற்கும் வண்டிகளில் டி.என். 70-ம் கே.ஏ. 51-ம் கலந்து நிற்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் பழைய பேச்சு. இந்தியும் ஒடியாவும் வங்காளமும் புது வரவு.

லைன் வீட்டின் அமைப்பை அறியாதவர்களுக்கு: ஒரே காம்பவுண்டுக்குள் எதிரெதிரே பத்துப் பன்னிரண்டு கதவுகள், நடுவே ஆறடி நடை, வாசலோரம் வரிசையாக மின்சார மீட்டர்கள். முதல் ஷிப்ட் கிளம்பும் நேரத்தில் நைட் ஷிப்ட் படுக்க வருகிறது. எந்த நேரம் போய்ப் பார்த்தாலும் பாதிக் கதவில் பூட்டு, மீதிப் பாதியில் உறக்கம். பக்கத்து வீட்டு முகம் பழகுவதற்குள் குடித்தனம் மாறிவிடும். கிராமத்தில் இந்த வேலையைத் திண்ணைக் கிழவி பார்த்தாள். யார் வந்தது, யார் வீட்டுக்கு வந்தது, கையில் என்ன இருந்தது என்று மூன்று நாள் கழித்துக் கேட்டாலும் சொல்வாள். திண்ணையும் போய், கிழவியும் ஊரிலேயே தங்கிவிட்ட இடத்தில் கேமரா அந்த வேலைக்கு வந்தது. கிழவியை யாராலும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

எடுப்பவன் யார்?

கேமரா காணாமல்போனால் 'திருடன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மூன்று விதமான கைகள் இருக்கின்றன; மூன்றுக்கும் மருந்து வேறு.

முதல் கை, அடுத்து நடக்கப்போகும் பெரிய திருட்டுக்காகச் சாட்சியை அகற்றும் கை. இந்தப் பழக்கத்தைத் தமிழ்நாடு கண்ணெதிரே பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் வேலூரில் ஜோஸ் ஆலுக்காஸ் நகைக்கடையின் பின்சுவரைத் துளைத்து உள்ளே போனவன் சிங்க முகமூடி போட்டிருந்தான். கேமராக்களைத் தேடித்தேடி ஸ்ப்ரே அடித்தான். அவன் ஸ்ப்ரே அடிப்பதையே கேமரா பதிவு செய்து, ஊர் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. சில நாட்களில் ஆள் பிடிபட்டான். கிலோக்கணக்கான தங்கம் ஒடுகத்தூர்ச் சுடுகாட்டு மண்ணுக்குள்ளிருந்து வந்தது. 2023 பிப்ரவரியில் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரே இரவில் நான்கு ஏ.டி.எம். இயந்திரங்களை கேஸ் கட்டரால் அறுத்து 70 லட்சத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு போன ஹரியானாக் கும்பல், போகும்போது தடயம் மிஞ்சாதிருக்க இயந்திரங்களுக்குத் தீ வைத்தது. 2024 செப்டம்பரில் கேரளத்தின் திருச்சூரில் ஏ.டி.எம்.களை உடைத்த கும்பலும் கேமராவுக்குக் கறுப்புச் சாயம் பூசிவிட்டே வேலையைத் தொடங்கியது. கன்டெய்னர் லாரியில் தப்பியவர்கள் குமாரபாளையம் அருகே மாட்டினார்கள்.

இவை பெரிய இடத்துக் கதைகள். வீட்டுத் திருட்டில் இதே பாடம் மலிவு விலையில் நடக்கிறது. கழியால் கேமராவின் மூக்கை வானம் பார்க்கத் திருப்பிவிடுவது ஒரு முறை. வாசலோர மீட்டர் பெட்டியில் சுவிட்சை இறக்கிவிட்டால் எல்லாமே ஒரே நொடியில் கண் மூடும். இது இன்னும் சுலபம். துணிந்தவன் கேமராவைப் பிடித்து ஊஞ்சலாடுவதுபோல் தொங்கினால், பிளாஸ்டிக் பிளக் சுவரை விட்டுக் கையோடு வந்துவிடும். உள்ளே புகுந்துவிட்ட பிறகு, டி.வி. ஸ்டாண்டில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும், கேமராக் காட்சிகளைப் பதியும் டி.வி.ஆர். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவதும் வழக்கம். வெளியே நான்கு கேமரா அப்படியே இருக்கும். பார்த்ததெல்லாம் பெட்டியோடு போயிருக்கும்.

இரண்டாவது கை விற்பதற்காக எடுப்பது. இதை நீட்ட வேண்டியதில்லை. கேபிள் வழி ஓடும் பழைய வகை புல்லட் கேமராவுக்கு ஆளடையாளம் கிடையாது; பெரும்பாலான டி.வி.ஆர்.களில் செருகினால் படம் காட்டும். ஆகவே அதற்கு ஏதோ ஒரு விலை கிடைத்துவிடும். செயலியில் உரிமையாளரின் கணக்கோடு பிணைக்கப்படும் வைஃபை கேமராக்களில் சில, அந்தக் கணக்கிலிருந்து விடுவிக்கப்படாதவரை இன்னொருவருக்கு உழைக்காது. திருடியவனுக்கு அது வெறும் பிளாஸ்டிக். பட்டறையும் பழைய இரும்புக் கடையும் நெருங்கிக் கிடக்கும் ஊரில் கேபிளின் செம்புக்கும் ஒரு கண் இருக்கும் என்பதை மட்டும் சொல்லி வைக்கலாம்.

மூன்றாவது கை பேசப்படாத கை. அது பக்கத்து வீட்டுக் கையாக இருக்கலாம்.

லைன் வீட்டு உரிமையாளர் தன் கட்டடத்தைக் காக்கக் கேமரா மாட்டுகிறார். அவர் பார்வையில் அது காம்பவுண்டுக்கு வைத்த காவல். குடியிருக்கும் பெண்ணுக்கு அப்படியில்லை. குளியலறைக்கு நைட்டியோடு போகிற நடை அது; துணி காயப்போடும் கொடி அது; நைட் ஷிப்ட் முடிந்து எத்தனை மணிக்கு யாரோடு பேசிக்கொண்டு வந்தாள் என்பதும் அதில்தான் பதிகிறது. வீட்டுக்காரர் கைபேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பே போதும், ஒருநாள் அந்தக் கேமராவின் கேபிள் 'எலி கடித்து' அறுந்துபோகும். சட்டப்படி அது குற்றம். ஆனால் ஸ்க்ரூவை இறுக்கினால் தீர்கிற குற்றம் அல்ல. ஒரே வீட்டைப் பங்கிட்டு வாழும் இருவரில் ஒருவர், மற்றவர் சம்மதமின்றி குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைத்ததை கல்கத்தா உயர் நீதிமன்றம் தனியுரிமை மீறல் என்றது. 2025-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பில் தலையிட மறுத்தது. அதற்கு அடித்தளம், தனியுரிமையை அடிப்படை உரிமை என்று 2017-ல் சொன்ன புட்டசாமி தீர்ப்பு. லைன் வீட்டு நடைக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். கேமராவை வாசல் பக்கம் திருப்பி, எது தெரிகிறது எது தெரியாது என்று குடித்தனக்காரர்களைக் கூப்பிட்டு ஒருமுறை திரையில் காட்டிவிட்டால், அந்தக் கேமராவுக்குப் பத்துக் காவலர்கள் கிடைத்துவிடுவார்கள். பல செயலிகளில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதியும் உண்டு. மாட்டித் தருபவர்கள் அதைச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

கதவுக்குப் பின்னால் இருந்த கேமரா

வீட்டுக் கேமராவின் பிறப்பைத் திரும்பிப் பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும். நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், நேரங்கெட்ட நேரத்தில் வேலை, அழைத்தால் மெதுவாக வரும் போலீஸ் என்ற நிலையில், மின்னணுத் தொழில்நுட்பரான தன் கணவர் ஆல்பர்ட்டோடு சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார். 1966-ல் விண்ணப்பித்து 1969 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள்; கதவின் உட்புறம் மேலும் கீழும் நகரும் கேமரா; படுக்கையறையில் திரை. வந்தவரோடு பேச ஒலிபெருக்கி, அவசரத்துக்கு ஒரு பொத்தான், கதவைத் தொலைவிலிருந்தே திறக்க இன்னொன்று. ஷிப்ட் வேலைக்காரி ஒருத்தியின் கவலையில் பிறந்த கருவி அது. மூக்கண்டப்பள்ளிக்கு அந்நியமானது அல்ல.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த முதல் கேமரா கதவுக்கு உள்ளே இருந்தது. வெளியில் நிற்பவனுக்குத் துளை மட்டும் தெரியும். கருவி கைக்கு எட்டாது. பிறகு கேமரா மலிந்து சிறுத்தது. அதை வெளிச்சுவரில், கை எட்டும் இடத்தில், 'பார்த்துக்கொள்' என்பதுபோல் மாட்டப் பழகினோம். மிரட்டுவதற்கு அது உதவும். சாட்சிக்கு உதவாது. நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி பீசா, வெல்ஷ், ஃபாரிங்டன் உள்ளிட்டோர் 2019-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். அதிலும் வாகன நிறுத்தங்களில் பலன் அதிகம்; யாரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் கேமராவுக்குப் பலன் அதிகம். கேமராவைப் பார்த்தவுடன் திருடன் ஓடிவிடுவான் என்ற நம்பிக்கை அந்த 13-க்கு மேல் செல்லாது. போலிக் கேமராவை மாட்டிச் சிவப்பு விளக்கை மினுக்கவிடுவதைப் பற்றியும் இதையே சொல்லலாம்: சோளக்கொல்லைப் பொம்மை பறவைக்கே ஒரு வாரம்தான்.

ஆகவே ஒன்று தெரியட்டும், இன்னொன்று மறையட்டும். வெளியே ஒரு கேமரா, திருடன் பார்த்துத் திருப்பிவிட. உள்ளே, ஜன்னல் கம்பிக்குப் பின்னாலோ வெண்டிலேட்டரிலோ மற்றொன்று, அவன் திருப்புவதைப் பார்க்க. கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு கண்ணாடியில் பட்டுத் தெறித்து வெள்ளையாகிவிடும். அந்த விளக்கை அணைத்துவிட்டு வாசலில் சாதாரண எல்.இ.டி. பல்பு ஒன்றை எரியவிட வேண்டும். ஓசூர் மேட்டுநிலம், மார்கழி தையில் விடியற்காலைப் பனி இறங்கினால் வெளிக் கேமராவிலும் இதே கோளாறுதான், பனித்துளியில் பட்டு ஒளி திரும்பி வெறும் பால்நிறம் தெரியும். இங்கே தெருவிளக்கும் வாசல் விளக்கும் கேமராவின் பாதி உயிர்.

உயரத்தைப் பற்றி மாட்டுபவர்களுக்கும் புலனாய்பவர்களுக்கும் தீராத சண்டை. கை எட்டாமல் இருக்கப் பதினைந்தடி என்பார் மாட்டுபவர். அங்கிருந்து தெரிவது தொப்பியும் உச்சந்தலையும். கணக்கு எளிது. முகத்தை வைத்து முன்பின் தெரியாத ஆளை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. நம் வீட்டு 2 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 1,920 புள்ளி. வகுத்தால் ஏழரை மீட்டர் சொச்சம். அதாவது அந்தக் கேமரா பார்க்கும் காட்சி ஏழரை மீட்டர் அகலத்தைத் தாண்டினால் முகம் சாட்சிக்கு உதவாது. அகலமாகக் காட்டும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸில் அது கேமராவிலிருந்து மூன்று மீட்டர் தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. 'தெரு முழுக்கத் தெரியுது சார்' என்று மாட்டியவர் பெருமைப்பட்டால் முகம் எதுவும் தெரியவில்லை என்று பொருள். ஒன்பது பத்தடி உயரத்தில், ஆள் நுழைந்தே ஆகவேண்டிய குறுகிய இடத்தை நோக்கி ஒரு கேமரா. அதற்கும் மேலே, முழு வாசலையும் முதல் கேமராவையும் சேர்த்துப் பார்க்கும் இன்னொன்று. முதலாவதைத் தொடுபவன் இரண்டாவதில் விழுவான்.

மற்றவை கைவேலைகள். பிளாஸ்டிக் பிளக்கை விட்டுவிட்டுச் சுவருக்குள் விரிந்து பிடிக்கும் உலோக போல்ட். சாதா ஸ்க்ரூடிரைவருக்கு இடம் தராத, நடுவில் முளை வைத்த நட்சத்திரத் தலை ஸ்க்ரூ. கேபிள் வெளியே தொங்காமல் கேமராவின் முதுகுக்குப் பின்னாலேயே சுவருக்குள் நுழைவது. முடியாவிட்டால் இரும்புக் குழாய்க்குள் ஓடுவது. மீட்டர் பெட்டிக்குப் பூட்டு. ஆனால் மின்வாரிய ஆள் அளவெடுக்கவும், ஆபத்தில் சுவிட்சை இறக்கவும் தடையில்லாத பூட்டு. ரூட்டருக்கும் கேமராவுக்கும் 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். ஒன்று, கரண்ட் போனாலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். வெளிநாடுகளில் வைஃபை அலையை முடக்கும் ஜாமரோடு திருடர்கள் வருவதாகச் செய்திகள் உண்டு. இந்தியாவில் தனியார் ஜாமர் வைத்திருப்பதே சட்டவிரோதம். நம் தெருத் திருடனுக்கு மீட்டர் சுவிட்சே போதுமாயிருக்கும்போது அவன் எதற்கு ஜாமருக்குப் போகிறான்.

நினைவு எங்கே குடியிருக்கிறது

கேமரா வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது, பார்த்ததை எங்கே வைக்கும் என்று. இங்கேதான் இரண்டாயிரம் ரூபாய்க் கணக்கு உடைகிறது.

இன்று அதிகம் விற்கும் வைஃபை கேமராவில் நினைவு, கேமராவின் வயிற்றுக்குள் இருக்கும் நகத்தளவு மெமரி கார்டில் இருக்கிறது. கேமராவைப் பிடுங்கியவன் கையில் அவன் பிடுங்கிய காட்சியும் சேர்ந்தே போகிறது. சாட்சியும் சாட்சியின் வாக்குமூலமும் ஒரே மூட்டையில். டி.வி.ஆர். வகையில் கேமரா போனாலும் நினைவு வீட்டுக்குள் நிற்கும், பெட்டியை மறைத்து வைத்திருந்தால். சாதாரணமாக ஒரு 2 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எழுதுகிறது என்று கொண்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜி.பி.; நான்கு கேமராவுக்கு 86 ஜி.பி. ஆக, 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் பதினொரு பன்னிரண்டு நாளில் நிறைந்து, பழையதை அழித்துப் புதியதை எழுதத் தொடங்கும். தீபாவளிக்குப் பத்து நாள் ஊருக்குப் போய் வரும் தொழிலாளிக்கு இந்த எண் முக்கியம். போன மறுநாள் நடந்தது, திரும்பி வந்து இரண்டு நாள் தயங்கினால் இல்லாமல்போகும். அழியும் பதிவின் கொடுமையைத் தமிழ்நாடு வேறோர் இடத்தில் கண்டது. 2020-ல் காவல் மரண விசாரணைக்காகச் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குப் போன மாஜிஸ்திரேட், கேமராப் பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைத் தன் அறிக்கையில் எழுதினார். அங்கே கேமராவை யாரும் தூக்கிப்போகவில்லை. ஹார்ட் டிஸ்கில் இடமும் இருந்தது. ஓர் அமைப்பு மட்டும் மாற்றப்பட்டிருந்தது.

மூன்றாவது வழி கிளவுடு. அசைவு தெரிந்த நொடியே காட்சி இணையம் வழி வெளியேறிவிடும். பிடுங்குபவனின் முகம், அவன் கை கேமராவைத் தொடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். மாதச் சந்தா கட்ட வேண்டும். சந்தா கட்ட மனமில்லாதவர்களுக்கு ஒரு நடுவழி: அசைவு தெரிந்ததும் கைபேசிக்குப் படத்தோடு அறிவிப்பு வரும்படி வைப்பது, அறிவிப்பை 'மியூட்' செய்யாமலும் இருப்பது. நாயும் பூனையும் போகும்போதெல்லாம் கைபேசி கத்துகிறது என்று நாம் வாயடைத்துவிடுகிறோம். ஆள் அசைவுக்கு மட்டும் என்று மாற்றிக்கொள்ள இன்றைய கேமராக்கள் பலவற்றில் இடம் இருக்கிறது.

நினைவு இடம் மாறியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓசூரே சாட்சி. 2021 ஜனவரி 22, பாகலூர் சாலை முத்தூட் நிதி நிறுவனக் கிளை. பட்டப்பகலில் முகமூடியோடும் துப்பாக்கியோடும் வந்த கும்பல் சுமார் 25 கிலோ நகையை அள்ளிக்கொண்டு போனது. ஒரு நாளுக்குள் ஐதராபாத் அருகே ஷம்ஷாபாத் பக்கம் மடக்கப்பட்டது. வழி சொன்னவற்றில் முக்கியமானது நகைப் பையோடு போன ஜி.பி.எஸ். கருவி. கும்பல் அறியாமலே சாட்சி அதோடு பயணம் செய்திருக்கிறது. எங்கே இருக்கிறோம் என்ற தகவல் மட்டும் பைக்குள் தங்காமல் நொடிக்கு நொடி வேறிடம் போய்க்கொண்டிருந்தது.

இணையம் வழி வெளியேறுவதில் இன்னொரு திருட்டும் ஒளிந்திருக்கிறது. கேமரா சுவரிலேயே இருக்கும். பார்வை மட்டும் களவு போகும். 2016 அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்களை முடக்கிய தாக்குதலில் 'மிராய்' என்ற நிரல் பயன்பட்டது. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத வீட்டுக் கேமராக்களையும் ரிக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் அடிமையாக்கிய நிரல் அது. 2025-ல் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குள் எடுக்கப்பட்ட பெண்களின் காட்சிகள் இணையத்தில் விற்கப்பட்டது தெரிய வந்தது. இந்திய அரசு 2024 ஏப்ரலில் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கும் ஆணை வெளியிட்டு, அடுத்த ஆண்டு முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஏற்கெனவே சுவரில் இருப்பவற்றின் கடவுச்சொல்லை அரசாணை மாற்றாது. மாட்டித் தந்தவர் வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லோடு இருக்கும் வீடு, சாவியைத் தச்சனிடமே விட்டுவைத்த வீடு. திருடுபோன கேமராவையும் உங்கள் செயலிக் கணக்கிலிருந்து அவசரப்பட்டு நீக்காதீர்கள். எவனாவது அதை மின்சாரத்தில் செருகி இணையத்தில் இணைத்தால் உங்களுக்குத் தெரிய வாய்ப்பு உண்டு. வீட்டு வைஃபை கடவுச்சொல்லை மட்டும் அன்றே மாற்றுங்கள். கேமராவுக்குள் அது பதிந்திருக்கிறது.

ஐயாயிரத்துக்குக் கீழே

போனது போனபின் என்ன செய்வது? இங்கே புதிய சட்டம் ஒரு தடையை வைத்திருக்கிறது.

2024 ஜூலை 1-க்கு முன்பு இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டு என்றால் திருட்டு. விலை எவ்வளவானாலும் காவல்துறை தானாக வழக்குப் பதிந்து புலனாயும் குற்றம். அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ம் பிரிவு, முதன்முறை குற்றவாளி, பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ், அதைத் திருப்பியும் தந்துவிட்டால் சமூக சேவையே தண்டனை என்கிறது. வறுமையில் ரொட்டி திருடியவனைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு இணைந்த குற்றவியல் நடைமுறைச் சட்ட அட்டவணை, 5,000-க்குக் கீழான திருட்டை மாஜிஸ்திரேட் அனுமதியின்றிப் போலீஸ் புலனாய முடியாத குற்றங்களின் வரிசையில் வைத்துவிட்டது. வீட்டுக் கேமராக்களில் பெரும்பகுதி இந்தக் கோட்டுக்குக் கீழேதான். புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் ஆள் வீடு திரும்புவதன் சட்டக் காரணங்களில் இதுவும் ஒன்று. பெரிய திருட்டுக்கு ஒத்திகையாகக் கேமராவை எடுத்தவனும், பசிக்கு எடுத்தவனும் அந்த அட்டவணையில் ஒன்று.

கதவு முற்றிலும் சாத்தப்படவில்லை. மனிதர் வாழும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டுக்கு 305-ம் பிரிவு. ஏழாண்டு வரை தண்டனை, விலைக் கோடு கிடையாது. வெளிச்சுவரில் தொங்கிய கேமரா 'கட்டடத்துக்குள்' ஆகுமா என்பது வாதத்துக்குரியது. காம்பவுண்டு தாண்டி, படியேறி, தாழ்வாரத்தில் எடுத்திருந்தால் அதைப் புகாரில் அடி அளவோடு எழுதுங்கள். அத்துமீறல், சேதம் இரண்டும் தனித்தனிக் குற்றங்கள். வேறொரு குற்றத்தின் தடயத்தை மறைக்கக் கேமராவை எடுத்திருந்தால் தடயம் அழித்தல் என்ற 238-ம் பிரிவு இருக்கிறது. டி.வி.ஆரும் ஹார்ட் டிஸ்கும் சேர்ந்து போயிருந்தால் மதிப்பு 5,000-ஐத் தானே தாண்டும், ரசீதுகளை இணையுங்கள். கேமராவின் வரிசை எண் அட்டைப் பெட்டியில் ஒட்டியிருக்கும். பெட்டியைப் பரணில் போடுமுன் ஒரு படம் எடுத்து வைப்பது இருபது நொடி வேலை.

எல்லையூருக்குப் புதுச் சட்டத்தில் ஒரு வரமும் உண்டு. போலீஸ் தானாகப் புலனாயக்கூடிய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது நடைமுறைச் சட்டத்தின் 173-ம் பிரிவு. வீடு சிப்காட் காவல் நிலைய எல்லையில், வண்டி கே.ஏ. பதிவில், பொருள் அத்திப்பள்ளிக்கு அப்பால் என்று வரும்போது 'அது அவங்க எல்லை' என்ற பதிலுக்கு இனி சட்டத்தில் இடமில்லை. மின்னணு வழியாகவும் தகவல் தரலாம். மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும்.

எதிர்வீட்டுக் கேமராவில் திருடன் விழுந்திருந்தால் அந்தக் காட்சியை வாட்ஸ்அப்பில் வாங்கித் தெருக் குழுவில் போடுவதுதான் நம் முதல் வேலையாக இருக்கிறது. வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். நீதிமன்றத்தில் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவரும் நிபுணரும் கையெழுத்திட்டு, கோப்பின் விரல்ரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். ஆகவே பென்டிரைவில் அசல் கோப்பை எடுங்கள், டி.வி.ஆரின் கடிகாரத்தையும் கைபேசிக் கடிகாரத்தையும் அருகருகே வைத்து ஒரு படம் எடுங்கள். பல டி.வி.ஆர்.களில் நேரம் தவறாக ஓடுகிறது, ஷிப்ட் நேரத்தை வைத்து ஆளைத் தேடும் ஊரில் அரை மணிப் பிழை வழக்கையே திசைதிருப்பும். குழுவில் 'இவன்தான் திருடன்' என்று வடமாநிலத்துப் பையன் ஒருவன் படத்தைப் போடுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பதும் நல்லது. கேமராப் பக்கம் நடந்து போனவர்கள் எல்லாம் கேமரா திருடர்கள் அல்லர்.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக. 2021 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி வீட்டையும் வீட்டுப் பொருளையும் தீ, வெள்ளம் முதலியவற்றுக்குக் காக்கிறது. திருட்டுக்கு அது பொறுப்பேற்பது அப்படி ஒரு விபத்து நடந்த ஏழு நாளுக்குள் நடந்தால் மட்டும். களவுக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். அமெரிக்காவில் வாசல் கேமரா விற்கும் ரிங் நிறுவனம், போலீஸ் புகார் நகலைக் காட்டினால் திருடுபோன கருவிக்கு மாற்றுத் தரும் வழக்கம் வைத்திருக்கிறது. நம் ஊரில் கேமரா வாங்கும்போது இதைக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

யாருடைய கண்?

2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டபோது நிலையத்தில் கேமரா இல்லை. சுற்றுத் தெருக்களின் வீட்டுக் கேமராக்களில்தான் காவல்துறை ஆளைத் தேடியது. அடுத்த ஆண்டுகளில் சென்னையில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருவெங்கும் கேமரா பெருகியது. வணிகர்களும் குடியிருப்போர் சங்கங்களும் கைப்பணம் போட்டார்கள். அதிலிருந்து ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. தெருவில் எது நடந்தாலும் போலீஸ் முதலில் தட்டுவது கேமரா இருக்கும் வீட்டுக் கதவை. சங்கிலிப் பறிப்பா, வண்டித் திருட்டா, விபத்தா, உங்கள் வீட்டு டி.வி.ஆர். பேச வேண்டும். தனிமனிதன் சுவரில் தொங்குவது ஊர்ச் சொத்தாக வேலை செய்கிறது. அது களவு போனால் மட்டும் மறுபடி தனிமனிதனின் இரண்டாயிரம் ரூபாயாகிவிடுகிறது.

ஊர் பயன்படுத்தும் கண்ணை ஊர் காக்கட்டும் என்று கேட்பது பேராசையல்ல. மாநகராட்சியோ தொழிற்பேட்டைச் சங்கமோ முன்வந்தால் நல்லது. வரும்வரை எதிரெதிர் வீடுகள் இரண்டு பேசிக்கொள்ளலாம். உன் கேமரா என் வாசலையும் என் கேமராவையும் பார்க்கட்டும், என்னுடையது உன்னுடையதை. ஊருக்குப் போகும்போது ஒருவர் அறிவிப்பு மற்றவர் கைபேசிக்கும் வரட்டும். செயலியில் பார்வை உரிமையை மட்டும் பகிர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது, திரும்பி வந்ததும் எடுத்துவிடலாம். பூட்டிய வீட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும் பழைய வழக்கமும் இன்னும் செல்லும். 'காவல் உதவி' செயலியும் 112-ம் அதன்மேல்.

செலவு? கேமரா ஒன்று ஏறத்தாழ 5 வாட். இரவு பகலாக ஓடினால் ஆண்டுக்கு 44 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் ஏழு யூனிட் சொச்சம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். லைன் வீட்டில் பொது நடைக்கு இரண்டாவது கேமரா வைக்கலாம் என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த ஏழு யூனிட்டை எந்தக் கதவின் மீட்டரில் ஏற்றுவது என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடும்.